மஞ்சள் கிழங்கும் அதுக்குள்ள வாழும் பாக்டீரியாவும்: மெட்டபொலோமிக்ஸ் தொடங்க யாரோட ஆய்வுகளைப் படிக்கலாம்?

விரலிமஞ்சள் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. கோயமுத்தூரில் முனைவர் பட்ட ஆய்வு ஆரம்பிச்சிருக்கேன். கொடுமுடி, சிவகிரி, கோபி பக்கத்து மஞ்சக்காடுகள்ல கிழங்கு அழுகல் வந்த செடி, வராத செடி ரெண்டிலும் கிழங்கும் வேரும் எடுத்து, அதுக்குள்ள இருக்கிற பாக்டீரியாவைப் பிரிச்செடுக்கணும். அந்த பாக்டீரியா என்ன வேதிப்பொருள் சுரக்குது, செடியோட வேதிப்பொருள்ல என்ன மாறுதுன்னு எல்சி-எம்எஸ், ஜிசி-எம்எஸ் (சேர்மங்களைப் பிரிச்சு எடை பார்க்கிற கருவிகள், முதலாவது கரைசல்ல, ரெண்டாவது ஆவியில) ரெண்டிலும் பார்க்கிறதாத் திட்டம். இப்போதைக்குக் கையில சூடோமோனாஸ், பேசில்லஸ் தனிமங்கள் (செடியில இருந்து தனியாப் பிரிச்செடுத்த பாக்டீரியாக்கள்) இருக்கு.

என் சிக்கல் இதுதானுங்க. மெட்டபொலோமிக்ஸ்னு (ஒரு உயிருக்குள்ள இருக்கிற சின்னச் சின்ன வேதிப்பொருள்களை மொத்தமா அளக்கிற துறை) தேடினா கட்டுரைகள் ஆயிரக்கணக்குல கொட்டுது. செடி பக்கம் யார், நுண்ணுயிர் பக்கம் யார் முன்னணியில இருக்காங்க? யாரோட முறையை அப்படியே எடுத்துக்கலாம்? கட்டுரைகள்ல "மாதிரி உறைய வைக்கப்பட்டு சாறு எடுக்கப்பட்டது"ன்னு ஒரே வரியில முடிச்சிடறாங்க. காட்டுல இருந்து குப்பி வரைக்கும் என்னென்ன தப்பாப் போகும்னு தெரிஞ்சவங்க சொன்னா பெரிய உதவியா இருக்கும்.

---

நொய்யல்கரை பதில்:

பெயர்ப் பட்டியலைப் பெருசா வெச்சுக்காதீங்க. வேலையோட ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ஆய்வுக்கூடம் போதும். அவங்க முறைக் கட்டுரையை வரி விடாமப் படிங்க.

செடி பக்கம் முதல்ல படிக்க வேண்டியது ஜெர்மனியில கோல்ம் ஊர்ல இருக்கிற மாக்ஸ் பிளாங்க் தாவர உடலியல் நிறுவனத்துல இருந்து வந்த வேலை. லோதர் வில்மிட்சர் தலைமையில அங்கதான் ஆலிவர் ஃபீன், அலிஸ்டர் ஃபெர்னி, யோவாகிம் கோப்கா, ஊட்டே ரோஸ்னர் எல்லாரும் ஜிசி-எம்எஸ் முறையைச் செடிக்குப் பொருத்தினாங்க. ஃபீன் குழு 2000-ல் வெளியிட்ட அரபிடாப்சிஸ் (ஆய்வகங்கள்ல வழக்கமாப் பயன்படற சின்னச் செடி) இலைக் கட்டுரையில 326 சேர்மங்களை அளந்தாங்க. அதுல ஏறத்தாழ பாதிக்குத்தான் அமைப்பு சொல்ல முடிஞ்சுது. ஃபீன் அப்புறம் கலிஃபோர்னியாவின் டேவிஸுக்குப் போயிட்டார். செய்முறைக்கு நீங்க எடுத்துக்க வேண்டியது 2006-ல் லிசெக், கோப்கா, ஃபெர்னி கூட்டா எழுதின ஜிசி-எம்எஸ் நெறிமுறை. எத்தனை மில்லிகிராம், எத்தனை மைக்ரோலிட்டர்னு எல்லாம் அதுல இருக்கு.

மஞ்சளுக்கே நேரா வேலை செஞ்சவர் டேவிட் கேங். அரிசோனா பல்கலைக்கழகத்துல இருந்தப்ப மஞ்சளையும் இஞ்சியையும் எடுத்துக்கிட்டு, 2006-ல் மஞ்சள் செடியோட ஜிசி-எம்எஸ் விவரத்தையும் குர்குமினாய்டுகளோட (குர்குமினும் அதோட உறவுச் சேர்மங்களும்) எம்எஸ்-எம்எஸ் உடைவையும் (மூலக்கூறைக் கருவிக்குள்ள துண்டாக்கி எடை பார்க்கிறது) வெளியிட்டாங்க. 2009-ல் மஞ்சள் கிழங்குல எந்தெந்தச் சேர்மங்கள் கூட்டமா ஏறி இறங்குதுன்னு காட்டின கட்டுரை வந்துச்சு. உங்க ஆய்வுக்கு இதைவிட நெருக்கமா வேற எதுவும் தேட வேண்டாம். குர்குமின் செடிக்குள்ள எப்படி உருவாகுதுன்னு தெரிய, தோக்கியோ பல்கலைக்கழகத்துல கட்சுயாமா, ஹொரினோச்சி குழு அதே 2009-ல் கண்டுபிடிச்ச ரெண்டு நொதிகளைப் பத்திப் படிங்க. ஒரு நொதி இடைப்பொருளைச் செய்யும், இன்னொன்னு அதைக் குர்குமினாய்டா முடிக்கும்.

கண்டுபிடிச்ச பீக்குக்கு (கருவி வரைபடத்துல ஒரு சேர்மத்தைக் காட்டற முகடு) எவ்வளவு உறுதியாப் பெயர் வைக்கலாம்ங்கிறதுக்கு லாயிட் சம்னர் தலைமையில 2007-ல் வந்த தர அறிக்கைதான் இன்னிக்கும் அளவுகோல். நாலு படி. தூய ஸ்டாண்டர்டை (இன்னதுன்னு உறுதியாத் தெரிஞ்ச சேர்மத்தை) உங்க கருவியிலேயே ஓட்டி, வெளிவரும் நேரமும் நிறமாலையும் ரெண்டும் ஒத்துப்போனாத்தான் முதல் படி. நிறமாலை நூலகத்தோட மட்டும் ஒத்துப்போனா ரெண்டாவது. வகை மட்டும் தெரிஞ்சா மூணாவது. ஒண்ணும் தெரியலைன்னா நாலாவது. ஆய்வேட்டு அட்டவணையில ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்துல இந்தப் படியைப் போட ஒரு பத்தி முதல் நாள்ல இருந்தே வெச்சிருங்க. கடைசியில போடலாம்னு விட்டா எது எந்த ஆதாரத்துல பெயர் பெற்றதுன்னு பிரிக்கவே முடியாது.

வேருக்கும் நுண்ணுயிருக்கும் நடுவுல நடக்கிறதுக்கு ரெண்டு பேர். கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துல ட்ரென்ட் நார்த்தன்: வேர் கசிவில எதை எந்த பாக்டீரியா தின்னுதுன்னு காட்டு ஓட்ஸ்ல 2018-ல் காட்டின வேலை அவங்களோடது. இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்துல அசாஃப் அஹரோனி: தக்காளி வேரோட ஒரு பக்கத்துல நுண்ணுயிர் சேர்ந்தா மறுபக்க வேரோட கசிவும் மாறுதுன்னு 2020-ல் காட்டினாங்க. உங்க கேள்விக்கு இந்த ரெண்டாவது முக்கியம். அழுகல் ஒரு விரலில (கிழங்கோட பக்கக் கிளையில) இருந்தாலும் அழுகாத விரலோட வேதியும் மாறியிருக்கலாம். அதனால நோய்ச் செடியோட நல்ல விரலை "ஆரோக்கியமான மாதிரி"ன்னு எடுத்துடாதீங்க.

---

சென்னிமலை பதில்:

மேலே சொன்னதோட சேர்த்துக் காட்டு வேலையைச் சொல்றேனுங்க. மெட்டபொலோமிக்ஸ்ல கெட்டுப்போற ஆய்வு பெரும்பாலும் கருவிக்குப் போறதுக்கு முன்னாடியே கெட்டுப்போயிருக்கும்.

மாதிரி எண்ணிக்கை: ஒரே சாற்றை மூணு தரம் ஊசி போட்டா அது மூணு மாதிரி ஆகாது. ஒரு நிலைக்குக் குறைஞ்சது ஆறு தனித்தனிச் செடி வேணும். காட்டு மாதிரிக்கு எட்டு, பத்து இருந்தா நல்லது. நோய் வந்த காடு, வராத காடுன்னு மட்டும் எடுத்தா மண், ரகம், தண்ணி எல்லாம் சேர்ந்து குழம்பும். வாய்க்கால் பாசனக் காட்டையும் சொட்டுநீர்க் காட்டையும் ஒப்பிட்டுட்டு நோயால வந்த மாற்றம்னு எழுதக் கூடாது. அதனால ஒரே காட்டுக்குள்ள மூணு வகை எடுங்க: அழுகல் கண்ட செடி, அதுக்கு அடுத்த பாத்தியில அறிகுறி இல்லாத செடி, எட்டத்துல நல்லா இருக்கிற செடி. இதையே மூணு காட்டுல செய்யுங்க. ரகம் ஒண்ணா இருக்கணும். ஈரோடு உள்ளூர் ரகத்தையும் பவானிசாகர் ஆராய்ச்சி நிலையத்து பிஎஸ்ஆர் ரகத்தையும் கலக்காதீங்க, குர்குமின் அளவே வேற வேற.

அடுத்தது மருந்து. யாரும் எழுதறதில்லை, ஆனா ஆய்வையே கவுத்துடும். கிழங்கு அழுகல் வந்த காட்டுல மெட்டலாக்சில் கலந்த மருந்தை வேருக்கு ஊத்தியிருப்பாங்க, நல்ல காட்டுல ஊத்தியிருக்க மாட்டாங்க. எல்சி-எம்எஸ்ல அந்த மெட்டலாக்சில் 280.154-ல் (மின்னூட்டம் ஏறின மூலக்கூறோட எடை எண்) ஒரு அழகான பீக்காக வரும். புள்ளியியல் மென்பொருள் அதையே "நோயைக் காட்டும் முதன்மைச் சேர்மம்"னு மேலே கொண்டுவந்து நிறுத்தும். கார்பென்டசிம் பூஞ்சைக்கொல்லி போட்டிருந்தா 192.077. இதே மாதிரி விதைக்கிழங்கை எதுல நனைச்சாங்க, சூடோமோனாஸ் தூளைத் தொழு உரத்தோட போட்டாங்களான்னு காட்டுக்காரர்கிட்ட தேதியோட கேட்டு எழுதிக்குங்க. பாக்கெட் சூடோமோனாஸ் போட்ட காட்டுல பிரிச்செடுத்த சூடோமோனாஸ், அந்தச் செடிக்குள்ள இயல்பா வாழ்ந்ததுதான்னு சொல்ல முடியாது.

கிழங்கைக் காட்டுலயே எடுங்க. ஈரோடு மண்டியில வாங்கற விரலி வேகவெச்சு, காயவெச்சு, மெருகு போட்டது. வேகவைக்கும்போது மாவுச்சத்து கூழாகிடும், உள்ளிருக்கிற நொதியெல்லாம் செத்துடும், எளிதில ஆவியாகற எண்ணெயும் கொஞ்சம் போயிடும். வணிகத்துக்கு அது சரக்கு, உங்களுக்கு அது மாதிரி ஆகாது.

உறைய வைக்கிறது: திரவ நைட்ரஜன் கேன் கையில இருக்கணும். ஊர்ல மாட்டுக்குச் சினை ஊசி போடறவங்க விந்துக் குச்சி வெச்சிருக்கிற கேன் மாதிரிதான், 10 லிட்டர் அளவு ஒரு நாளைக்குப் போதும். கிழங்கைத் தோண்டின உடனே தண்ணியில ஓட்டமாக் கழுவி, துடைச்சு, 5 மில்லிமீட்டர் துண்டா நறுக்கி நைட்ரஜன்ல போடுங்க. முழு விரலை அப்படியே போட்டா வெளிப்புறம் உடனே உறையும், நடுவுல மெதுவா உறையும், அதுக்குள்ள நொதி வேலையைக் காட்டிடும். தோண்டினதுல இருந்து உறையற வரைக்கும் எல்லாச் செடிக்கும் ஒரே நேரம் ஆகட்டும், ரெண்டு நிமிஷம்னா எல்லாத்துக்கும் ரெண்டு நிமிஷம். காலையில எடுக்கிறதும் மத்தியானம் எடுக்கிறதும் கலந்தா சர்க்கரையும் அமினோ அமிலமும் பகல் போக்குல மாறினதை நோய்னு படிச்சிடுவீங்க. நோய்ச் செடியை முதல்ல முடிச்சுட்டு நல்ல செடிக்குப் போகாம மாத்தி மாத்தி எடுங்க. கிழங்கு வேற, விரல் வேற, வேர் வேற குழாய். மூடியில எழுதறது நைட்ரஜன்ல உதிர்ந்துபோகும், அதனால பென்சில்ல எழுதின துண்டுச் சீட்டை உள்ளயும் போட்டுருங்க.

பாலித்தீன் கவர்ல கொண்டுவராதீங்க. கவர் ஒட்டாம இருக்கப் பூசற எருகமைடு 338.342-ல் வரும். அதோட ஐசோடோப் 339.3-ல் விழும். டிமெத்தாக்சி குர்குமின் 339.12. துல்லியமான கருவியில ரெண்டும் பிரிஞ்சு தெரியும், வெளிவரும் நேரமும் வேற. முழு எண் வரைக்கும் மட்டும் பிரிக்கிற சாதாரணக் குவாட்ரபோல் கருவியில ரெண்டும் ஒரே எண்ணுக்குள்ள நிக்கும்.

நுண்ணுயிரைப் பிரிக்கிற கிழங்கும் வேதிப்பொருள் பார்க்கிற கிழங்கும் வேற வேற துண்டா இருக்கட்டும். பிரிக்கிறதுக்கு 70 சதவீத எத்தனால்ல 1 நிமிஷம், 2 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டுல 3-ல் இருந்து 5 நிமிஷம், அப்புறம் கிருமி நீக்கின தண்ணியில நாலஞ்சு அலசல். கடைசி அலசல் தண்ணியைத் தட்டுல ஊத்திப் பாருங்க, அதுல ஏதாவது வளர்ந்தா அந்தத் தொகுப்பையே விட்டுருங்க. ஹைப்போகுளோரைட் பட்ட திசுவுல செடியோட பீனால்கள் குளோரின் ஏறியும் ஆக்சிஜனேற்றம் ஆகியும் மாறிடும். அலசல்ல ட்வீன் (சோப்பு மாதிரியான பொருள்) சேர்த்தா நிறமாலையில 44.026 இடைவெளியில ஏணிப்படி மாதிரி வரிசையா பீக் நிக்கும், பின்னாடி எத்தனை கழுவினாலும் காலத்துல (column, கருவிக்குள்ள சேர்மங்களைப் பிரிக்கிற குழாய்) இருந்து சீக்கிரம் போகாது.

---

ஆழியாறு பதில்:

சாறு எடுக்கறதையும் ஓட்டறதையும் நான் எழுதறேன்.

உறைஞ்ச துண்டை நைட்ரஜன் ஊத்திக் குளிர வெச்ச கல்வத்துல மாவா அரைச்சு, உறைநிலையிலயே உலர்த்திடுங்க. அழுகின கிழங்குல தண்ணி கூடக் குறைய இருக்கும். பச்சை எடைக்குக் கணக்கு வெச்சா நீர் அளவோட வித்தியாசமே எல்லாச் சேர்மத்திலயும் தெரியும். உலர்ந்த மாவு 20 மில்லிகிராம் எடுத்து, குளிர்ந்த 80 சதவீத மெத்தனால் 1 மில்லிலிட்டர், அதுலயே உள்ஸ்டாண்டர்டும் (அளவு தெரிஞ்சு நாமே சேர்க்கிற ஒப்பீட்டுப் பொருள்) கலந்திருக்கணும். பனிக்கட்டித் தண்ணியில 15 நிமிஷம் சோனிகேட்டர், 4 டிகிரியில 15,000 ஜி வேகத்துல 10 நிமிஷம் சுழற்சி, தெளிவை மட்டும் எடுத்து 0.22 மைக்ரான் பிடிஎஃப்இ வடிகட்டி வழியா அம்பர் குப்பிக்கு. குர்குமின் வெளிச்சத்துல சிதையும், காரத்தன்மை ஏறினா இன்னும் வேகமாச் சிதையும். விளக்கைக் குறைச்சு வேலை செய்யுங்க, ஆட்டோசாம்ப்ளரை 4 டிகிரியில வையுங்க.

100 மில்லிமீட்டர் நீளம், 2.1 மில்லிமீட்டர் உள்விட்டம், 1.8 மைக்ரான் துகள் சி18 காலம், 40 டிகிரி, நிமிஷத்துக்கு 0.3 மில்லிலிட்டர். 0.1 சதவீத ஃபார்மிக் அமிலம் கலந்த தண்ணியும் அசிட்டோநைட்ரைலும், 5-ல் இருந்து 95 சதவீதம் வரைக்கும் 15 நிமிஷத்துல. குர்குமின் 369.133, டிமெத்தாக்சி 339.123, பிஸ்டிமெத்தாக்சி 309.112. உடைச்சா குர்குமின்ல 177.055 வலுவா வரும், பிஸ்டிமெத்தாக்சியில அதுக்குப் பதிலா 147.044, நடுவுல இருக்கிறதுல ரெண்டும் வரும். இந்த மூணையும் தனியா ஒரு ஸ்டாண்டர்ட் கலவையா ஓட்டி உங்க கருவி சரியான இடத்துல நிக்குதான்னு தினமும் பாருங்க.

மஞ்சளோட தனிச் சிக்கல் இதுதான்: காய்ஞ்ச கிழங்குல குர்குமினாய்டு சில சதவீதம் இருக்கு. சின்னச் சின்னச் சேர்மத்துக்கு ஏத்த அடர்த்தியில ஊசி போட்டா குர்குமின் பீக் தலை தட்டையாகிடும், டிடெக்டர் நிறைஞ்சுபோகும், அதே நேரத்துல வெளிவர மத்ததோட அயனியாக்கமும் அமுங்கிடும். அளவு ஒப்பிட ஒரே சாற்றை நேரா ஒரு தரம், 1000 மடங்கு நீர்த்து ஒரு தரம் ஓட்டுங்க. குர்குமினை நீர்த்ததுல இருந்து மட்டும் எடுங்க. பெரிய பீக்கோட மிச்சம் அடுத்த ஊசியிலயும் தெரியும், அதனால நடுவுல வெத்து ஊசி.

தரக்கட்டுப்பாடு வாரிக் டன் குழுவோட 2011 நெறிமுறையில விரிவா இருக்கு. எல்லாச் சாற்றிலும் இருந்து 10 மைக்ரோலிட்டர் எடுத்துக் கலந்த ஒரு பொதுக்கலவை. தொடக்கத்துல அதை எட்டுப் பத்து தரம் ஓட்டிக் கருவியை நிலைப்படுத்தணும், அப்புறம் ஆறு மாதிரிக்கு ஒரு தரம். இந்தக் கலவை ஊசிகள்ல 30 சதவீதத்துக்கு மேல ஆடற பீக்கெல்லாம் கணக்குல இருந்து வெளிய போகணும். மாதிரி எதுவும் போடாம அதே குழாய், அதே மெத்தனால், அதே வடிகட்டி வழியா வந்த பிளாங்க் கட்டாயம். தாலேட் (பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கிறது) 391.284 வராத ஆய்வகமே கிடையாது, பிளாங்க் இருந்தாத்தான் அதைக் கழிக்கலாம். ஓட்டற வரிசையைக் குலுக்கிப் போடுங்க.

வெளிக் கருவி மையத்துல காசு குடுத்து ஓட்டறதா இருந்தா, அவங்க தர பிடிஎஃப் அறிக்கையும் நூறு பெயர் போட்ட எக்செல் தாளும் ஆய்வுக்கு உதவாது. மூலக் கோப்பு தருவாங்களா, எம்எஸ்-எம்எஸ் எடுப்பாங்களா, பொதுக்கலவையும் பிளாங்கும் நாம சொன்ன இடத்துல ஓட்டுவாங்களான்னு முன்கூட்டியே எழுத்துல வாங்கிக்குங்க.

ஜிசி-எம்எஸ்ல கெடுக்கிறது ஈரம். மெத்தாக்சிஅமீனை பிரிடின்ல மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் கரைச்சு 37 டிகிரியில 90 நிமிஷம், அப்புறம் எம்எஸ்டிஎஃப்ஏ (சேர்மங்களை ஆவியாகக் கூடியதா மாத்தற வினைப்பொருள்) 30 நிமிஷம். சாறு முழுசாக் காயலைன்னாலோ, குளிர்ல இருந்து எடுத்த குழாயை அறை வெப்பத்துக்கு வர விடாம உடனே திறந்தாலோ ஈரம் இறங்கி எம்எஸ்டிஎஃப்ஏவைத் தின்னுடும். ஐப்பசி மழைக்காலத்துல இது அடிக்கடி நடக்கும். அடையாளம்: ஒரே அமினோ அமிலத்துக்கு ரெண்டு பீக் வரும், கலவை ஊசிக்கு ஊசி அதோட விகிதம் மாறும்.

கோப்பை எம்இசட்எம்எல் வடிவத்துக்கு மாத்தி, ஜப்பானின் ஹிரோஷி சுகாவா 2015-ல் வெளியிட்ட எம்எஸ்-டயல் மென்பொருள்ல போடுங்க, இலவசம். அங்கிருந்து ஜிஎன்பிஎஸ் இணையத்தளம். சான் டியேகோவில பீட்டர் டொரெஸ்டைனும் நூனோ பந்தேய்ராவும் கட்டினது. ஒரே மாதிரி உடையற சேர்மங்களை வலையாக் கட்டிக் காட்டும் முறையை 2012-ல் கொண்டுவந்தாங்க, 2016-ல் அதைப் பொதுத்தளமா விரிச்சாங்க. ஒப்புமை 0.7, ஒத்துப்போகும் துண்டு குறைஞ்சது 6-ன்னு வெச்சுத் தொடங்கலாம். நூலகத்துல இல்லாததுக்கு யேனா பல்கலைக்கழகத்துல செபாஸ்டியன் போக்கர் குழுவோட சிரியஸ் மென்பொருள். அது தர மூலக்கூறு வாய்பாட்டை நம்பலாம். அது தர அமைப்பை ஒரு ஊகமா மட்டும் எடுத்துக்குங்க.

---

விரலிமஞ்சள்:

ரொம்ப நன்றிங்க. மெட்டலாக்சில் விஷயம் என் திட்டத்துல இல்லவே இல்லை, இப்பவே காட்டுக்காரங்களுக்கான கேள்வித்தாள்ல சேர்த்துட்டேன். பாக்டீரியா பக்கம் இன்னும் ரெண்டு கேள்வி. வளர்ப்பை உறைமெத்தனால்ல ஊத்தி நிறுத்தணும்னு எல்லாக் கட்டுரையும் சொல்லுது. எங்க ஆய்வகத்துல மைனஸ் 40 வசதி இல்லை. அது இல்லாம முடியுமா? அப்புறம், ஒரு பேசில்லஸ் தனிமத்துல எடை எண் ஆயிரத்துக்கு மேல நிறைய பீக் வருது, அத்தனையும் புதுசா இருக்குமா?

---

நொய்யல்கரை:

முதல் கேள்விக்கு, நீங்க எதைத் தேடறீங்கங்கிறதைப் பொறுத்துத்தான் பதில்.

செல்லுக்குள்ள இருக்கிற ஏடிபி, சர்க்கரை பாஸ்பேட்டுகளை அளக்கணும்னா நிறுத்தாம முடியாது, அதெல்லாம் நொடிக்குள்ள மாறிடும். மைனஸ் 40 டிகிரியில 60 சதவீத மெத்தனால் முறை 1992-ல் டி கோனிங், வான் டாம் ரெண்டு பேரும் ஈஸ்டுக்குக் கொண்டுவந்தது. பாக்டீரியாவுல அதை அப்படியே போட்டா குளிர் அதிர்ச்சியில செல்லுக்குள்ள இருக்கிறது வெளிய கசிஞ்சுடும். பிரின்ஸ்டன்ல ஜோஷுவா ராபினோவிட்ஸ் குழு வேற வழி சொல்றாங்க: வளர்ப்பை வடிகட்டித் தாள்ல வேகமா உறிஞ்சி, தாளோட மைனஸ் 20 டிகிரி கரைப்பான்ல போடறது. அசிட்டோநைட்ரைல் 40, மெத்தனால் 40, தண்ணி 20, அதுல 0.1 மோலார் ஃபார்மிக் அமிலம். அப்புறம் அம்மோனியம் பைகார்பனேட்டால நடுநிலையாக்கணும். இதுக்குச் சாதாரண உறைபெட்டியே போதும்.

ஆனா உங்களுக்கு வேணும்னு சொன்னது பாக்டீரியா வெளிய சுரக்கிற எதிர்ப்பொருள். அதுக்கு இந்தப் பாடே வேண்டாம். மணிக்கணக்குல சேர்ந்து நிக்கிற பொருளுக்கு நொடிக் கணக்குல நிறுத்தம் எதுக்கு? செல்லைச் சுழற்சியில இறக்கி, மேல்தெளிவை 0.22 மைக்ரான்ல வடிகட்டி எடுத்தாப் போதும். அந்த உழைப்பை வளர்ப்புக் கஞ்சியில போடுங்க. ஈஸ்ட் சாறு, பெப்டோன் போட்ட ஊடகத்துல நூத்துக்கணக்கான பெப்டைடு பீக் ஊடகத்துல இருந்தே வரும். கிங்ஸ் பி ஊடகத்துல கிளிசரால் இருக்கு, அது காயவே காயாது, சாறு பிசுபிசுன்னு நிக்கும், அயனியாக்கத்தையும் அமுக்கும். முடிஞ்சா உள்ளடக்கம் முழுசும் தெரிஞ்ச எளிய உப்பு ஊடகம். எதுவானாலும் பாக்டீரியா போடாத அதே ஊடகம், அதே குடுவையில, அதே ஆட்டத்துல, அதே 72 மணி நேரம் பக்கத்துலயே இருக்கணும். புட்டியில இருந்து புதுசா ஊத்தின ஊடகம் பிளாங்க் ஆகாது.

எடுக்கறது: 100 மில்லிலிட்டர் தெளிவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால பிஎச் 2, 3-க்கு இறக்கி, சம அளவு எத்தில் அசிட்டேட்டுல ரெண்டு தரம். 40 டிகிரிக்கு மேல போகாம வற்ற வெச்சு மெத்தனால்ல கரைச்சுக்குங்க. சூடோமோனாஸ்ல டைஅசிட்டைல் புளோரோகுளுசினால் எதிர்முனையில 209.046, ஃபினசின்-1-கார்பாக்சிலிக் அமிலம் நேர்முனையில 225.066. ரெண்டுக்கும் ஸ்டாண்டர்ட் விலைக்குக் கிடைக்கும், வாங்கிடுங்க. ஒரு ஊடகத்துல வரலைன்னா அந்தத் தனிமத்துக்கு அந்தத் திறன் இல்லைன்னு எழுதிடாதீங்க. கார்பன் மூலம், துத்தநாகம், இரும்பு அளவு இதெல்லாம் அந்த மரபணுக்கள் வேலை செய்யறதை மாத்தும்.

இந்தப் பக்கம் கட்டாயம் படிக்க வேண்டியவங்க அமெரிக்க வேளாண் துறையோட புல்மன் ஆய்வகத்துல இருந்த லிண்டா தாமஷோவும் டேவிட் வெல்லரும். கோதுமை வேர் நோயை சூடோமோனாஸ் அடக்கறதுக்கு ஃபினசின்ங்கிற எதிர்ப்பொருள்தான் காரணம்னு 1988-ல் காட்டினாங்க. எப்படிக் காட்டினாங்கங்கிறதுதான் நீங்க எடுத்துக்க வேண்டியது: ஃபினசின் செய்ய முடியாத திரிபை உருவாக்கி, அது நோயை அவ்வளவா அடக்கலைன்னு காட்டி, மரபணுவைத் திருப்பிக் குடுத்ததும் திறன் திரும்பினதைக் காட்டினாங்க. 1990-ல் வேர் மண்டலத்துல இருந்தே அந்தப் பொருளைப் பிரிச்சும் காட்டினாங்க. தட்டுல பாக்டீரியாவைச் சுத்திப் பித்தியம் (கிழங்கு அழுகலை உண்டாக்கற பூஞ்சை மாதிரியான கிருமி) வளராத வெத்து வளையம் வருது, சாற்றுல ஒரு பீக் உயருதுங்கிறது மட்டும் அந்தப் பீக்தான் அடக்குதுங்கிறதுக்குச் சான்று ஆகாது.

---

ஆழியாறு:

பேசில்லஸ் கேள்விக்கு. ஆயிரத்துக்கு மேல நிறைய பீக்னா முதல்ல சர்ஃபாக்டின், இட்டுரின், ஃபெஞ்சிசின் (பேசில்லஸ் வழக்கமாச் சுரக்கிற கொழுப்புப் பெப்டைடுகள்) இந்த மூணைக் கழிச்சுப் பாருங்க. சர்ஃபாக்டின் ஒரே பொருளா வராது, கொழுப்புச் சங்கிலி நீளத்துக்குத் தகுந்தாப்பல 1008.66, 1022.67, 1036.69-ன்னு 14.016 இடைவெளியில வரிசையா வரும். ஒவ்வொண்ணுக்கும் சோடியம் ஏறினது 21.98 கூட, பொட்டாசியம் ஏறினது அதுக்கும் மேல. ஒரே குடும்பத்துல இருந்தே ஒன்பது பீக் ஆச்சு. இட்டுரின் 1043.55, 1057.57. ஃபெஞ்சிசின் 1450, 1500 பக்கம், ஆனா ரெண்டு மின்னூட்டம் ஏறி 730-750-லயும் நிக்கும். ஐசோடோப் இடைவெளி 0.5 இருந்தா அதுதான்.

இங்க ஒரு பொறி இருக்கு. 1036.69 சர்ஃபாக்டினோட சோடியம் அயனி 1058.67. 1057.57 இட்டுரினோட ஐசோடோப் 1058.57. துல்லியம் குறைஞ்ச கருவியில ரெண்டும் ஒண்ணாத் தெரியும். வெளிவரும் நேரத்தைப் பாருங்க: இட்டுரின் முன்னாடி வந்துடும், சர்ஃபாக்டின் கடைசியில 90 சதவீத அசிட்டோநைட்ரைலுக்கு மேல போனாத்தான் இறங்கும். 95-ல் அஞ்சு நிமிஷமாவது நிறுத்தாம விட்டா ஊசிக்கு ஊசி மிச்சம் சேர்ந்து, பேசில்லஸே இல்லாத மாதிரியிலயும் சர்ஃபாக்டின் தெரியும்.

இத்தனையும் கழிச்ச பிறகு நிக்கிறதை மரபணுத் தொகுதியோட ஒட்டிப் பாருங்க. தனிமத்தோட முழு மரபணு வரிசை இருந்தா ஆன்டிஸ்மாஷ்ல போடுங்க. மார்னிக்ஸ் மெடெமா, கை பிளின், டில்மன் வெபர் குழு 2011-ல் இருந்து வளர்த்துட்டு வர இலவசக் கருவி. எந்தெந்த எதிர்ப்பொருளுக்கான மரபணுக்கூட்டம் இருக்குன்னு காட்டும். அதுல இருக்கிற கூட்டத்துக்கும் நிறமாலையில இருக்கிற பீக்குக்கும் பொருத்தம் வந்தா ஒரு நல்ல பிடி கிடைச்ச மாதிரி. புதுசுன்னு எழுதணும்னா தனியாத் தூய்மையாக்கி என்எம்ஆர் (மூலக்கூறு அமைப்பைக் காட்டற காந்த அளவீடு) எடுக்கணும், அதுக்கு ஒண்ணு ரெண்டு மில்லிகிராமாவது வேணும். எத்தனை லிட்டர் வளர்க்கணும்னு அதுல இருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்க.

---

சென்னிமலை:

ஒண்ணு விட்டுப்போச்சுங்க. வேர் கசிவு எடுக்கறதா இருந்தா காட்டுச் செடியைப் பிடுங்கித் தண்ணியில வைக்காதீங்க. பிடுங்கும்போது மெல்லிய வேர் அறுந்து செல்லுக்குள்ள இருக்கிறதெல்லாம் கொட்டும், அது கசிவு ஆகாது. மண்ணிலயும் ஒட்டிக்கிட்டுப் பாதி வராது. முளைவிட்ட விதைக்கிழங்கைக் கழுவின மணல்லயோ கண்ணாடி மணியிலயோ வளர்த்து, வேரை மெதுவா அலசி, 0.5 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு கரைசல்ல 2 மணி நேரம் வெச்சு எடுங்க. கால்சியம் இருந்தாத்தான் செல்சவ்வு பிடிப்பா நிக்கும், வெறும் காய்ச்சி வடிச்ச தண்ணியில கசிவு கூடிடும். எடுத்ததை உடனே 0.22 மைக்ரான்ல வடிகட்டி உறைய வெச்சுருங்க. இல்லைன்னா அதுல இருக்கிற பாக்டீரியா குழாய்க்குள்ளயே சர்க்கரையைத் தின்னுடும். உப்பை நீக்க சி18 அல்லது எச்எல்பி திண்மநிலைக் குப்பி (சேர்மத்தைப் பிடிச்சு வெச்சு உப்பை வெளிய விடறது). ஆனா சர்க்கரையும் சின்ன அமிலங்களும் அதுல தங்காம உப்போட போயிடும். அதனால ஜிசி-எம்எஸ்க்கு ஒரு பங்கை உப்பு நீக்காம முன்னாடியே தனியா எடுத்து வெச்சுக்குங்க.

ஈரோடு பக்கம் வைகாசி, ஆனியில நடறாங்க. கிழங்கு அழுகல் மழை பிடிச்சு மண்ணுல தண்ணி நிக்கும்போது ஏறும், அறுவடை தை முதல் மாசி, பங்குனி வரைக்கும். அறுவடையப்ப மட்டும் போனா அழுகின செடி காஞ்சு செத்தே போயிருக்கும், எடுக்கறது நோயோட வேதியா இருக்காது, பிணத்தோட வேதிதான். ஓரத்து இலை மஞ்சளிச்சு அடித்தண்டு தண்ணி கோத்தாப்பல மெத்துன்னு ஆகற கட்டத்துல முதல் மாதிரி எடுத்துருங்க. நைட்ரஜனுக்கு முன்பதிவு ஆடிக்குள்ள முடிச்சிருங்க.